அடர் புரதக் கரைசலின் சவ்வூடு அழுத்தக் கணக்கு பொருந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

புரதத்தை மட்டும் தடுக்கும் சவ்வின் ஒரு பக்கம் புரதக் கரைசலும் மறுபக்கம் வெறும் பஃபரும் (பிஹெச்சை மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) இருந்தால், புரதப் பக்கத்தில் கூடும் அழுத்தம்தான் சவ்வூடு அழுத்தம். லிட்டருக்கு 5, 10 கிராம் புரதம் இருக்கும்வரை சவ்வூடு அழுத்தக் கணக்கு பெரிதாகத் தகராறு செய்வதில்லை. வாண்ட் ஹாஃப் தந்த எளிய சமன்பாட்டிலேயே (அழுத்தம் = மோலார் செறிவு × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை) வேலை முடிந்துவிடும். 100 கிராமைத் தாண்டும்போதுதான் வம்பு ஆரம்பிக்கும். அளந்தது ஒன்றாக இருக்கும், மாடல் சொல்வது வேறாக இருக்கும். உடனே பலரும் செய்வது சமன்பாட்டின் வாலில் இன்னொரு குணகத்தை ஒட்டுவதுதான். கோடு புள்ளிகளின்மேல் அழகாகப் படிந்துவிடும். பிழை மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

குணகம் சேர்ப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு முகம் உண்டு, அதைப் படத்திலேயே பார்த்துவிடலாம். ஊட்டி, குன்னூர் பக்கத்து ஆய்வுக்கூடங்களில் வேலை செய்கிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். மலையில் இருப்பதாலேயே வரும் சில பிழைகளும் இதில் இருக்கின்றன. சமவெளியில் எழுதப்பட்ட கையேடுகளில் அவை இருக்காது.

முதலில் ஒரே ஒரு படம்

அழுத்தத்தை நேராகச் செறிவுக்கு எதிராக வரையாதீர்கள். அந்தப் படத்தில் எல்லாமே மேலே வளையும், எது எதனால் வளைகிறது என்று தெரியாது. அழுத்தத்தைச் செறிவால் வகுத்து, அந்த எண்ணைச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. செறிவு பூஜ்யமாகும் இடத்தில் கோடு தொடும் உயரம் மூலக்கூறு எடையைச் சொல்லும். அங்கிருந்து கிளம்பும் சாய்வு, இரண்டு புரத மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுகின்றனவா, இழுக்கின்றனவா என்று சொல்லும். அதற்கப்புறம் வரும் வளைவில்தான் நெரிசல் தெரியும். இந்த வரிசையிலேயே சரிபாருங்கள். உயரம் தப்பாக இருக்கும்போது வளைவைச் சரிசெய்ய உட்காருவது வீண்வேலை.

ஒப்பிட ஒரு எண் வேண்டும். மாட்டு சீரம் ஆல்புமின், நாம் தினமும் பிஎஸ்ஏ என்று சொல்வது, மூலக்கூறு எடை சுமார் 66,500. லிட்டருக்கு 100 கிராம் கரைசல் 25 டிகிரியில் ஐடியலாக, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதிக்காமல், நடந்துகொண்டால் 3.73 கிலோபாஸ்கல் தரும். பாதரசக் கணக்கில் 28 மில்லிமீட்டர். அதாவது லிட்டருக்கு ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 37 பாஸ்கல். உங்கள் கோடு இடது ஓரத்தில் இந்த 37-க்குப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

அறிகுறி: புரதமே இல்லாத பஃபருக்கும் மைனஸ் 24 கிலோபாஸ்கல் காட்டுகிறது

இது சவ்வின் குற்றமல்ல. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். குன்னூரில் 81 அளவில். உங்கள் சென்சார் முழு அழுத்தத்தையும் அளக்கும் வகையாக இருந்து, நிரலில் யாரோ 101.325-ஐக் கழித்து வைத்திருந்தால் இந்த மைனஸ் 24 அச்சாக வந்து நிற்கும். சென்னையில் எழுதிய நிரலை அப்படியே வாங்கி ஓட்டினால் இதுதான் நடக்கும்.

சரி, உள்ளூர் அழுத்தத்தைக் கழிக்கலாம் என்று போனில் வானிலைச் செயலியைத் திறக்காதீர்கள். அது காட்டும் 1013, 1015 எல்லாம் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் மதிப்பு. கூடத்தில் இருக்கும் பாரோமீட்டரைப் பாருங்கள். அதைவிட நல்லது, சவ்வின் இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் சென்சாருக்கு மாறிவிடுவது. வெப்பமண்டலத்தில் ஒரே நாளுக்குள் காற்றழுத்தம் இருநூறு, முந்நூறு பாஸ்கல் ஏறி இறங்குவது சாதாரணம். லிட்டருக்கு 10 கிராம் பிஎஸ்ஏ தருவதே 370 பாஸ்கல்தான். காலையில் அளந்த புள்ளியையும் மாலையில் அளந்த புள்ளியையும் ஒரே கோட்டில் வைத்தால் சாய்வு எங்கேயோ போய்விடும்.

அறிகுறி: அழுத்தம் 700 கிலோபாஸ்கலுக்கு மேல்

உறைநிலை ஆஸ்மோமீட்டரில் அளந்திருப்பீர்கள். அது உப்பு, பஃபர், புரதம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். 300 மில்லி ஆஸ்மோல் என்றால் 25 டிகிரியில் 743 கிலோபாஸ்கல். அதில் 100 கிராம் பிஎஸ்ஏ-வின் ஐடியல் பங்கு 1.5 மில்லி மோல். அந்தக் கருவியின் சிதறலுக்குள்ளேயே அது மூழ்கிப்போகும். நமக்கு வேண்டியது உப்பை விட்டுப் புரதத்தை மட்டும் தடுக்கும் சவ்வு வைத்த கருவி. மேலே படிக்க வேண்டாம், கருவியை மாற்றிவிட்டு வாருங்கள்.

அறிகுறி: எண் ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது

நல்ல உயரத்துக்குப் போய் அப்புறம் மணிக்கணக்கில் மெதுவாக இறங்கினால், ஏதோ ஒன்று சவ்வைத் தாண்டிக் கசிகிறது. புரதத்தின் உடைந்த துண்டுகளாக இருக்கலாம், சவ்வில் ஓட்டை இருக்கலாம். வெளிப்பக்கத்துப் பஃபரை எடுத்து 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் சவ்வை மாற்றுங்கள்.

எண் குதித்துக் குதித்து ஆடினால் குமிழி. இங்கே மலையில் இது கூடுதல் தொல்லை. 12, 15 டிகிரியில் இருக்கும் ஊட்டி அறைப் பஃபரில் காற்று நிறையக் கரைந்திருக்கும். அதைக் கருவிக்குள் விட்டு 25-க்குச் சூடாக்கினால் அந்தக் காற்று வெளியே வந்துதான் ஆக வேண்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்த பஃபர் என்றால் கேட்கவே வேண்டாம். கருவி ஓடப்போகும் வெப்பநிலைக்கு, அல்லது அதற்கு இரண்டு டிகிரி மேலே சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். புரதக் கரைசலை இப்படி வேகமாக உறிஞ்சினால் நுரைத்துவிடும், அதை மெதுவாகச் செய்ய வேண்டும்.

ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, வாட்டர் பாத் நின்று மறுபடி ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நேரத்துப் புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சராசரிக்குள் விடாதீர்கள்.

அறிகுறி: இடது ஓரத்தில் கோடு 37-க்குக் கீழே இறங்குகிறது

நான்கு சந்தேக நபர்கள். மூன்று பேர் ஒரே மாதிரி முகம் காட்டுவதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் ஆள் ஈரம். ஜூன் முதல் செப்டம்பர்வரை மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துபோகும் ஊர் இது. பிஎஸ்ஏ பொடி பாட்டிலைத் திறந்து, தராசில் கொட்டி, போன் பேசிவிட்டு வந்து எடை பார்த்தால், தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறீர்கள். பொடியில் 8 சதவீதம் ஈரம் என்றால் நீங்கள் 100 என்று எழுதியது உண்மையில் 92. கோடு முழுவதும் 8 சதவீதம் கீழே போகும். எடையை நம்பாமல் 280 நானோமீட்டரில் அளந்து செறிவைக் குறியுங்கள். பிஎஸ்ஏ-வுக்கு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம், ஒரு சென்டிமீட்டர் பாதைக்கு, உறிஞ்சல் சுமார் 0.667.

அந்த அளவுக்கு நீர்க்கச் செய்யும்போதே இன்னொரு பிழை நுழையும். 200 கிராம் கரைசல் பாகுபோல இருக்கும். சாதாரண பிபெட் நுனியின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, 10 மைக்ரோலிட்டர் என்று வைத்தது ஒன்பதரைகூட வராது. தராசில் வைத்து, எடுத்த எடையையும் ஊற்றிய எடையையும் வைத்து நீர்க்கச் செய்யுங்கள். 200 கிராம் பிஎஸ்ஏ கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.05 கிராம். எடையிலிருந்து கனஅளவுக்கு மாற்ற இது போதும்.

இரண்டாவது ஆள் இரட்டை மூலக்கூறு. கடையில் வாங்கும் பிஎஸ்ஏ-வில் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டவை எப்போதும் கொஞ்சம் இருக்கும். சவ்வூடு அழுத்தம் தலைகளைத்தான் எண்ணும், எடையை அல்ல. எடையில் 15 சதவீதம் இரட்டையாக இருந்தால் அழுத்தம் 7.5 சதவீதம் குறையும். ஈரமும் இரட்டையும் இப்படி ஏறக்குறைய ஒரே அளவு இறக்கும், படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஒளி உறிஞ்சலில் செறிவு சரியென்று உறுதிசெய்தபின்னும் கோடு கீழேயே இருந்தால், அளவுவாரியாகப் பிரிக்கும் காலமில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது ஆள் வெப்பநிலை. நிரலில் 298 கெல்வின் என்று எழுதி வைத்துவிட்டு, கருவி 15 டிகிரி அறையில் ஓடினால் மூன்றரை சதவீதம் குறையும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் கூடத்தில் ‘அறை வெப்பநிலை’ என்பது 25 கிடையாது. சவ்வுக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பமானியின் எண்ணையே சமன்பாட்டில் போடுங்கள்.

நான்காவது ஆள், கோடு பொருத்தும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுக்கும் மதிப்பு. அழுத்தத்தில் எப்போதும் 20 பாஸ்கல் சிதறல் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 5 கிராம் புள்ளியில் அது 11 சதவீதம், 100 கிராமில் அரை சதவீதம். எல்லாப் புள்ளிகளுக்கும் சம மதிப்புக் கொடுத்துக் கோடு போட்டால், இடது ஓரத்து ஒரு கிறுக்குப் புள்ளி மொத்தக் கோட்டையும் இழுத்துவிடும். அப்படி இழுக்கப்பட்டால் கீழேயும் போகும், மேலேயும் போகும்.

அறிகுறி: கோடு 37-க்கு மேலே தொடங்குகிறது, அல்லது தொடங்கிய கையோடு விண்ணென்று ஏறுகிறது

மின்சுமை. அடர் புரதக் கணக்குகளில் பாதித் தகராறு இங்கேதான்.

பிஹெச் 7.4-இல் பிஎஸ்ஏ எதிர்மின் சுமையோடு இருக்கும். ஒரு மூலக்கூறுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுமையைச் சமன்செய்ய அதே அளவு சோடியம் சவ்வின் உள்பக்கமே நின்றாக வேண்டும். வெளியே போக வழி இருந்தும் போக முடியாத அந்த அயனிகள் அழுத்தம் தரும். இதுதான் டோனான் பங்கு. எளிய வடிவத்தில் அதிகப்படி அயனிச் செறிவு இப்படி: √(சுமைச் செறிவு² + (2 × வெளி உப்பு)²) − 2 × வெளி உப்பு.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 200 கிராம் என்றால் 3 மில்லி மோலார் புரதம், 60 மில்லி மோலார் சுமை. புரதத் தலைகள் மட்டும் தருவது 7.5 கிலோபாஸ்கல். வெளியே 150 மில்லி மோலார் உப்பு இருந்தால் டோனான் பங்கு 5.9 மில்லி மோலார், அதாவது 14.7 கிலோபாஸ்கல். ஐடியலைப்போல இரண்டு மடங்கு. வெளி உப்பை 10 மில்லி மோலாராகக் குறைத்தால் 43 மில்லி மோலார், 107 கிலோபாஸ்கல்! அதே புரதம், அதே செறிவு. மாறியது வெளியே இருக்கும் உப்பு மட்டும்தான். சுத்தத் தண்ணீருக்கு எதிராக வைத்தால் ஒவ்வொரு சோடியமும் ஒரு தலை என்று எண்ணப்பட்டு, இடது ஓரமே இருபது மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். அதிலிருந்து மூலக்கூறு எடை கணக்கிட்டால் மூவாயிரம் என்று வரும். கேம்பிரிட்ஜில் ஜி. எஸ். அடேர் 1920-களில் ஹீமோகுளோபினைக் குளிரில் வைத்து, உப்புக் கரைசலுக்கு எதிராக மெனக்கெட்டு அளந்து, இந்த அயனிப் பங்கையும் கணக்கில் எடுத்ததால்தான் மூலக்கூறு எடை சுமார் 67,000, ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பு, என்றெல்லாம் தெரிந்தது. 1925-இல் அது வெளிவந்தது.

எங்கே தப்பு நடக்கிறது? சமன்பாட்டில் வரும் உப்பு வெளிப்பக்கத்து உப்பு. பலர் புரதக் கரைசலுக்குள் தாங்கள் போட்ட உப்பின் அளவை எழுதிவிடுகிறார்கள். டயாலிசிஸ் செய்யாமல் (சவ்வுப் பையில் கட்டிப் பஃபரில் ஊறவிடாமல்) பொடியைப் பஃபரில் கரைத்து நேராகக் கருவியில் ஊற்றினால், வெளிப்பக்க உப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. ஒரு இரவு பெரிய கனஅளவுப் பஃபருக்கு எதிராக டயாலிசிஸ் செய்து, அந்த வெளிப் பஃபரையே கருவியின் மறுபக்கத்திலும் ஊற்றுங்கள்.

அடுத்தது பிஹெச். 10 மில்லி மோலார் பாஸ்பேட் பஃபர் போட்டிருக்கிறோம், பிஹெச் 7.4-இல் நிற்கும் என்று நம்புவது வேடிக்கை. 3 மில்லி மோலார் பிஎஸ்ஏ-வில், ஒவ்வொரு மூலக்கூறிலும் பதினைந்துக்கு மேல் ஹிஸ்டிடின். அங்கே பஃபர் என்பது புரதம்தான், பாஸ்பேட் வெறும் விருந்தாளி. கரைத்து முடித்தபின் புரதக் கரைசலிலேயே பிஹெச் அளந்து, அந்த பிஹெச்சுக்கான சுமையை எடுங்கள். ட்ரிஸ் பஃபர் பயன்படுத்தினால் இன்னும் கவனம். ஒரு டிகிரிக்கு 0.028 வீதம் மாறும் அது. கோயம்புத்தூரில் 25 டிகிரியில் 7.4 என்று சரிசெய்து கொண்டுவந்த பாட்டில், ஊட்டியில் 15 டிகிரியில் 7.7-ஐ நெருங்கிவிடும்.

கடைசியாக, அமினோ அமில வரிசையிலிருந்து கணக்கிட்ட சுமையும் கரைசலில் உண்மையாக வேலைசெய்யும் சுமையும் ஒன்றல்ல. ஆல்புமின் குளோரைடைப் பிடித்துக்கொள்ளும். ஸ்காட்சர்டும் சகாக்களும் 1946-இலேயே சவ்வூடு சமநிலையை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். சுமையைப் பொருத்திக் கண்டுபிடிக்கும் எண்ணாக விடலாம், ஆனால் குறைந்தது இரண்டு வெவ்வேறு உப்பு அளவுகளில் அளந்துவிட்டு. ஒரே உப்பில் அளந்தால் சுமையையும் உருவ அளவையும் பிரிக்கவே முடியாது.

அறிகுறி: மூன்றாவது விரியல் குணகம் மைனஸில் வருகிறது

வகுத்த எண்ணைச் செறிவின் அடுக்குகளாக எழுதும் தொடர்தான் விரியல் தொடர். சாய்வைத் தருவது இரண்டாவது குணகம், வளைவைத் தருவது மூன்றாவது. இங்கே ஊட்டியில் ஆய்வு செய்யும் ஒரு பையன் ஒருநாள் போனில் கேட்டான்: “அக்கா, மூணாவது குணகம் மைனஸ்ல வருது. புரதங்கள் மூணு மூணா ஒட்டிக்குதுன்னு எழுதிடலாமா?”

“உப்பு எவ்வளவுப்பா?”

“பத்து மில்லி மோலார்க்கா.”

“அப்ப எழுதாதே.”

காரணம் மேலே இருக்கும் வர்க்கமூலம்தான். உப்பு அதிகமாக இருந்தால் டோனான் பங்கு செறிவின் வர்க்கமாக ஏறும், அதை இரண்டாவது குணகம் தாங்கிக்கொள்ளும். உப்பு குறைந்து, புரதத்தின் சுமை உப்பை மிஞ்சும்போது, அதே பங்கு வர்க்கத்தை விட்டு நேர்கோடாக மாறிவிடுகிறது. 10 மில்லி மோலார் உப்பில், 200 கிராமுக்கு வர்க்கக் கணக்கு 90 மில்லி மோலார் என்னும். உண்மை 43. அந்த வித்தியாசத்தை அடைக்க, பொருத்தும் நிரல் மூன்றாவது குணகத்தை மைனஸ் ஆக்குகிறது. மூன்று புரதம் ஒட்டுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டோனான் பங்கை முழு வடிவத்தில் தனியாகக் கணக்கிட்டு, அளந்த அழுத்தத்திலிருந்து கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் விரியல் தொடரைப் போடுங்கள். அப்போதும் மைனஸ் வந்தால் பேசலாம்.

அறிகுறி: 100 கிராம்வரை கச்சிதம், 300-இல் மாடல் பாதியளவுகூட எட்டவில்லை

தொடரைப் பாதியில் வெட்டியதன் விளைவு. புரதத்தைக் கெட்டியான உருண்டை என்று எடுத்துக்கொண்டால், கரைசலில் அது அடைக்கும் இடத்தின் பங்கை ‘அ’ என்று வைப்போம். மூன்றாவது குணகம்வரை போனால் ஐடியலைவிட எத்தனை மடங்கு என்பது 1 + 4அ + 10அ². கார்னஹானும் ஸ்டார்லிங்கும் 1969-இல் தந்த வடிவம் (1 + அ + அ² − அ³) ÷ (1 − அ)³. அ 0.1 இருக்கும்போது முதலாவது 1.50, இரண்டாவது 1.52, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 0.3-இல் 3.1-க்கு எதிராக 3.97. 0.4-இல் 4.2-க்கு எதிராக 6.9. நெரிசல் இப்படித்தான் வரும். நான்காவது, ஐந்தாவது குணகங்களைச் சேர்ப்பதைவிடக் கார்னஹான்–ஸ்டார்லிங்குக்கு மாறுவது நல்லது. பொருத்த வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான், ஒரு கிராம் புரதம் அடைக்கும் இடம். அந்தச் சமன்பாடும் 0.49-ஐ நெருங்கும்போது நம்பிக்கைக்கு உரியதல்ல. கெட்டி உருண்டைகள் அங்கே படிகமாக உறைய ஆரம்பிக்கும், சமன்பாட்டுக்கு அது தெரியாது.

அந்த இடம் எவ்வளவு? உலர்ந்த கணக்கில் பிஎஸ்ஏ-வுக்கு கிராமுக்கு 0.73 மில்லிலிட்டர். ஒட்டியிருக்கும் நீரையும், உருண்டையாக இல்லாத உருவத்தையும் சேர்த்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். ஒய் எழுத்து வடிவ ஆன்டிபாடிகளுக்கு இன்னும் கூடுதலாக வந்தால் பதற வேண்டாம்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், எளிதில் கண்ணில் படாதது. 200 கிராம் புரதம் இருக்கும் ஒரு லிட்டரில் தண்ணீர் ஒரு லிட்டர் இல்லை, சுமார் 0.85 லிட்டர்தான். உப்பும் எதிர் அயனியும் அந்த 0.85-க்குள்தான் இருக்கின்றன. டோனான் கணக்கில் லிட்டர் கரைசலுக்கு 60 என்று போட்ட சுமை, லிட்டர் தண்ணீருக்கு 70. இதை மட்டும் திருத்தினாலே 14.7 கிலோபாஸ்கல் 20 ஆகிவிடுகிறது. ஆனால் கார்னஹான்–ஸ்டார்லிங் பகுதிக்குள் கரைசல் கனஅளவுதான் போக வேண்டும், தண்ணீர்க் கனஅளவு அல்ல. இரண்டிலும் தண்ணீரைப் போட்டால் அடைத்த இடத்தை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

அறிகுறி: உப்பை மாற்றினால் புரதத்தின் ‘அளவு’ மாறுகிறது

150 மில்லி மோலாரில் கிராமுக்கு 1.0 மில்லிலிட்டர், 10 மில்லி மோலாரில் 3 மில்லிலிட்டர் என்று பொருத்தம் சொல்கிறதா? புரதம் வீங்கவில்லை. மின்சுமைத் தள்ளலை உருவ அளவுக்குள் திணித்திருக்கிறீர்கள். கட்டற்ற நீர் மாடலில், அதாவது ஒட்டிய நீரைக் கழித்துவிட்டு மிச்சத் தண்ணீரில் மோல் பின்னம் எடுக்கும் முறையில், நீரேற்ற எண் (புரதத்தோடு ஒட்டிய நீரின் அளவு) தாறுமாறாக மாறுவதும் பெரும்பாலும் இதனால்தான். எல்லா உப்பு அளவுகளின் தரவையும் ஒன்றாகப் போட்டு, உருவ அளவு ஒன்றே, சுமை ஒன்றே என்று கட்டாயப்படுத்திப் பொருத்துங்கள். பொருந்தாத இடம் எது என்று அப்போது தெரியும்.

அறிகுறி: ஒளிச்சிதறலில் வந்த இரண்டாவது குணகம், சவ்வில் வந்ததைப்போலச் சரியாக இரண்டு மடங்கு

ஒளிச்சிதறல் வரைபடத்தின் சாய்வு இரண்டாவது குணகத்தின் இரண்டு மடங்கு. பாதியாக்குங்கள், முடிந்தது. ‘சரியாக’ இரண்டு இல்லாமல் 1.3, 1.6 என்று வந்தால் காரணம் வேறு. ஒளிச்சிதறல் கனமான திரள்களுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும், தூசிக்கும்தான்.

அறிகுறி: புத்தகத்தில் உள்ள சூத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை

லேண்டிஸும் பாப்பன்ஹைமரும் 1963-இல் தந்த ஆல்புமின் சூத்திரம் பலருக்குப் பழக்கம்: 2.8 × செறிவு + 0.18 × செறிவு² + 0.012 × செறிவு³. இதில் செறிவு டெசிலிட்டருக்குக் கிராம், விடை மில்லிமீட்டர் பாதரசம், வெப்பநிலை 37 டிகிரி. லிட்டர் கணக்கைப் போட்டுவிட்டு, விடையைக் கிலோபாஸ்கல் என்று படித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 10 கிராம் போட்டால் 28 + 18 + 12, மொத்தம் 58 வர வேண்டும். உங்கள் நிரலை இந்த ஒரு எண்ணை வைத்துச் சோதித்துவிடுங்கள். முதல் குணகம் 2.8 என்பது 69,000 மூலக்கூறு எடைக்கு ஒத்தது. 66,500 போட்டால் 2.9 வரும். அந்த வித்தியாசத்தைத் துரத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். ரத்தத்தில் இருக்கும் செறிவுகளுக்காக வந்த சூத்திரம் அது. 300 கிராமுக்கு அதை நீட்டிக்கொண்டு போவது நியாயமில்லை. அவ்வளவு அடர்த்திக்கு ஒப்பிட வேண்டுமென்றால், வில்க்கர், கோல்ட்டன், ஸ்மித் மூவரும் 1981-இல் 0.15 மோலார் உப்பில், பிஹெச் 4.5, 5.4, 7.4 மூன்றிலும் பிஎஸ்ஏ-வுக்கு அளந்து வெளியிட்ட தரவுதான் இன்றும் எல்லாரும் கைவைக்கும் இடம்.

அறிகுறி: கோடு கீழ்நோக்கிச் சாய்கிறது

மேலே சொன்ன எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகும் சாய்வு கீழே போனால், இழுப்பு உண்மை. மின்சுமை பூஜ்யமாகும் பிஹெச்சுக்குப் பக்கத்தில் இது வரும். பிஎஸ்ஏ-வுக்கு ஐந்துக்குக் கொஞ்சம் கீழே, ஆன்டிபாடிகள் பலவற்றுக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று. உப்பை ஏற்றித் தள்ளலை மூடிவிட்டாலும் வரும். புரதத்தைப் படிகமாக்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஜார்ஜும் வில்சனும் 1994-இல் காட்டியபடி, இரண்டாவது குணகம் கிராம் வர்க்கத்துக்கு மைனஸ் 1 முதல் மைனஸ் 8 வரை, பத்தாயிரத்தில் ஒரு பங்கு மோல் மில்லிலிட்டர் என்ற அலகில் இருந்தால் படிகம் கிடைக்க வாய்ப்பு அதிகம். அடர் மருந்துக் கரைசல் செய்கிறவர்களுக்குத் தலைவலி.

இங்கே இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். இடது ஓரம் 37-இல் தொடங்கி, சீக்கிரமே பாதியை நோக்கி இறங்கி, அங்கே தட்டையாகி, அப்புறம் ஏறினால், புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்கின்றன. விரியல் தொடரால் இதைப் பிடிக்க முடியாது. சேர்க்கைச் சமநிலை மாறிலி ஒன்றை வைத்து, ஒற்றை, இரட்டை இரண்டின் தலைகளையும் கூட்டி எழுதுங்கள், நெரிசலைக் கார்னஹான்–ஸ்டார்லிங்கிடம் விடுங்கள். இப்படியில்லாமல் நீண்ட தூரம் மெதுவாக இறங்கினால் பொதுவான இழுப்பு.

இரண்டாவது வகையில் ஒரு எல்லை இருக்கிறது. வகுத்த எண் இறங்கலாம், அழுத்தம் மட்டும் செறிவு கூடும்போது குறையக் கூடாது. மாடல் அப்படிக் குறைத்துக் காட்டினால் அந்தச் செறிவில் கரைசல் ஒன்றாக நிற்காது, அடர்ந்த பகுதி, நீர்த்த பகுதி என்று இரண்டாகப் பிரியும் என்று அர்த்தம். அந்தப் பகுதியில் பொருத்தத்தைத் தொடராதீர்கள். கரைசலைப் போய்ப் பாருங்கள். 25 டிகிரியில் தெளிவாக இருந்தது, ஊட்டி இரவில் மேசைமேல் விட்டுவிட்டுக் காலையில் வந்தால் பால்போலக் கலங்கியிருக்கலாம். குழாயை 30 டிகிரி தண்ணீரில் சில நிமிடம் பிடியுங்கள். தெளிந்துவிட்டால் பிரிந்தது திரவம், வெப்பநிலையை ஏற்றி அளவைத் தொடரலாம். தெளியவில்லையென்றால் திரள். அதைச் சுழற்றி அடியில் இறக்கி, மேலே நிற்பதன் செறிவை மறுபடி 280-இல் அளந்த பிறகே அந்தப் புள்ளியைப் படத்தில் வையுங்கள்.